வெந்து முடியும் வரை

கரித்துண்டுகளை இடுக்கியால் ஒதுக்கிவிட்டு, தகர அடுப்பின் வாயை மூடியிருந்த தகட்டைச் செல்லாயி விரலளவு நகர்த்திப் பார்த்தாள். வெண்ணெய் வாசனையோடு சூடு முகத்தில் அடித்தது.

"வெந்துருச்சா?" என்று உள்ளேயிருந்து மாயாண்டி கேட்டார்.

"இப்பத்தான வெச்சேன். மேல நெறமே மாறல."

"சும்மா சும்மா தொறந்து பாக்காத புள்ள. சூடு போயிரும்."

"நீங்க பேசாம படுங்க."

"நான் எங்க படுத்தேன்? உக்காந்துல்ல இருக்கேன்."

அது உண்மைதான். இருபது நாளாக நீர் கோத்த கால்களோடு கிடந்தவர், இன்று காலையில் தானாக எழுந்து சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். மூச்சு வாங்கவில்லை. கஞ்சியில் உப்பு இல்லை என்று குறை சொன்னார். சைக்கிளில் போன மீன்கார சீனன் மணியடித்ததும், "மாத்தாங் இறாலான்னு கேளு" என்றார். என்றைக்குமே எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிடாத மனுஷன். செல்லாயி ஓடிப்போய்க் கேட்டாள். மாத்தாங் இறால்தான், அந்தக் கடலோர ஊரிலிருந்து காலை ரயிலில் வந்தது.

"அப்ப கறிபாப்பு சுடுவோம்" என்றார்.

கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் பெரிய துரை பங்களாவில் மாயாண்டி சமையல் செய்யும் குசினிக்காரராக இருந்தார். செல்லாயி அதே குசினியில் பாத்திரம் துலக்கி, வெங்காயம் உரித்து, அடுப்பு பார்த்தாள். சாயங்காலம் துரை வராந்தாவில் கிளாஸோடு உட்காரும்போது மாவுக்குள் கறி வைத்து மடித்த கறிபாப்பு எட்டு, தட்டில் சூடாகப் போகவேண்டும். எண்ணெயில் பொரித்தது துரைக்கு ஆகாது. சுட்டதாக இருக்கவேண்டும், உள்ளே இறால் இருக்கவேண்டும். மடிப்பு பிரிந்து வெடித்துப் போனதைத் தட்டில் வைக்க முடியாது. அது குசினியிலேயே நின்றுவிடும். புருஷனும் பெண்டாட்டியுமாக ஆளுக்குப் பாதி தின்பார்கள். ரப்பர் விலை விழுந்த வருஷம் துரை சீமைக்குக் கப்பலேறினார், பங்களாவைப் பூட்டினார்கள். மகன் பத்துமலைக்கு ஈப்போ ரயில் பட்டறையில் வேலை கிடைத்திருந்ததால் அந்த ஊரின் சிலிபின் பகுதியில் இருக்கும் இந்த வரிசை வீட்டுக்கு வந்தார்கள். வந்து மூன்று வருஷமாகிறது. பத்தொன்பது வருஷம் பங்களாவில் சுட்டதில், வெடிக்காத முழுக் கறிபாப்பு ஒன்றை இரண்டு பேரும் தின்றதில்லை.

இதைக் காலையில் மாயாண்டிதான் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். "இன்னைக்கு ஒடையாதத திம்போம் செல்லாயி."

அவள் கோதுமை மாவில் வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, கிணற்றுத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் சேர்த்தாள். உருட்டி மூன்றாக மடித்து, மறுபடி உருட்டி மறுபடி மடித்து, ஈரத் துணி போட்டு நிழலில் வைத்தாள். இறாலைச் சின்னதாக அரிந்து, வெங்காயமும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு, கெட்டித் தேங்காய்ப்பாலில் வற்ற விட்டாள். "ஈரம் இருந்தா வெடிக்கும், நல்லா வத்தட்டும்" என்று கட்டிலிலிருந்து இரண்டு தடவை குரல் வந்தது. "எனக்குத் தெரியாதாக்கும்" என்று இவளும் இரண்டு தடவை சொன்னாள்.

இறால் வைத்த மாவு வட்டங்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவரச் சொல்லி, ஓரத்தை அவரே மடித்தார். விறகு பிளக்கும்போது சுட்டுவிரல் நுனி போய் ஆறு வருஷமாகிறது. கட்டைவிரலும் நடுவிரலுமாகத்தான் மடிப்பார். பன்னிரண்டையும் மடித்து முடிக்க வெகுநேரம் பிடித்தது. நமக்கு ரெண்டு ரெண்டு, பத்துமலைக்கு மூணு, அக்காவுக்கு ரெண்டு, மிச்சம் மூணு பக்கத்து வீட்டு நல்லம்மா வீட்டுக்கு என்று பங்கும் போட்டுவிட்டார்.

மண்ணெண்ணெய்த் தகரத்தைப் படுக்க வைத்து, உள்ளே மணல் பரப்பி, கீழேயும் மேலேயும் கரி போட்டதுதான் அடுப்பு. அதன் பின்பக்கம் எப்போதும் சூடு அதிகம். பாதி வெந்ததும் தட்டைத் திருப்பி வைக்கவேண்டும். பாதிக்கு ஒரு சுருட்டு பிடிக்கும் நேரம், மீதிக்கு ஒரு சுருட்டு நேரம் என்பது மாயாண்டியின் கணக்கு.

செல்லாயி தட்டைத் துணியால் பிடித்து இழுத்து, முன்பக்கத்தைப் பின்பக்கமாக்கினாள். பின்வரிசை லேசாகச் சிவந்திருந்தது. முன்வரிசை வெளுப்பாக, ஆனால் உப்பி நின்றது.

"திருப்பிட்டேன்" என்றாள். "ஒண்ணுகூட வெடிக்கல."

பதில் வரவில்லை.

"கேட்டுச்சா? ஒண்ணுகூட வெடிக்கல."

தகட்டை மூடிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள். மாயாண்டி அடுப்புப் பக்கம் பார்த்தபடியேதான் உட்கார்ந்திருந்தார். தலை மட்டும் தலையணையில் கொஞ்சம் சரிந்திருந்தது. விரலில் மாவு காய்ந்திருந்தது. அவள் அருகே போய் மூக்கின் கீழ் விரலை வைத்தாள். அப்புறம் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

தொண்டை வரை ஒரு சத்தம் வந்தது. அதை வெளியே விட வாயைத் திறந்தவள், திறந்தபடியே நின்றாள்.

இப்போது கத்தினால் நல்லம்மா ஓடி வருவாள். பின்னாலேயே வரிசை முழுக்க வந்துவிடும். முதல் வேலையாக யாராவது ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் ஊற்றுவார்கள். எழவு வீட்டில் நெருப்பு கூடாது. பாதி வெந்தும் வேகாததுமாக அந்தப் பன்னிரண்டும் சாக்கடைக்குப் போகும். அவர் மடித்தது.

வாயை மூடிக்கொண்டாள்.

அவர் கண்ணைத் தடவி மூடினாள். பின்கதவை அகலத் திறந்து, வாசனை உள்ளே வரும்படி விட்டாள். அப்புறம் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே, இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், தரையில் உட்கார்ந்தாள்.

நெஞ்சு கல்லாகிவிட்டதோ என்று தன்னையே தேடிப் பார்த்தாள். கல் எதுவும் தட்டுப்படவில்லை. அழுகை பக்கத்திலேயே நின்றது, கூப்பிட்டால் வந்துவிடும். அதற்கு முன்னால் இன்னொன்று இருந்தது, அதற்குப் பெயர் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. இருபது நாளாக இவர் மூச்சுக்குத் தவிக்கத் தவிக்கச் சாவாரோ என்று பயந்து பயந்து தூங்காமல் கிடந்தாள். அப்படி நடக்கவில்லை. உட்கார்ந்து, வேலை செய்து, அவளை ஏசி, பங்கு போட்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே போனார். பயந்ததெல்லாம் முடிந்துவிட்டது.

தோட்டத்தில் காலை நாலரைக்கு வேலைக்குக் கூப்பிட்டுத் தப்பு அடிப்பார்கள். அதன் பிறகு நாள் முழுக்க வேறு யாருடையதோ. பங்களாவில் மணி கேட்கும். வீட்டுக்கு வந்தால் பிள்ளை. இருபத்தாறு வருஷத்தில் இவரும் இவளும் மட்டுமாக, யாரும் கூப்பிடாத ஒரு சுருட்டு நேரம் கிடைத்ததாக அவளுக்கு நினைவில்லை. இது அப்படி ஒரு நேரம் என்று தோன்றியது. ரயில் பட்டறைப் பக்கம் எதையோ சுத்தியலால் அடித்தார்கள். வெயில் முற்றத்தில் பாதியைத் தாண்டியிருந்தது. பேச எதுவும் பாக்கியில்லாததுபோல் இருந்தது.

வாசனை மாறியபோது எழுந்தாள். மாவு வாசனை போய், வெண்ணெய் சிவக்கிற வாசனை வந்திருந்தது. தட்டை இழுத்தாள். பன்னிரண்டும் ஒரே நிறமாக, ஒரே உப்பலாக இருந்தன. தட்டைத் தரையில் வைத்து, குடத்துத் தண்ணீரை மேல்கரியிலும் கீழ்க்கரியிலும் அவளே ஊற்றினாள். புஸ்ஸென்று புகை எழும்பியது.

"அட, யாருடி இப்படிப் புகைய வைக்கிறது!"

பின்வழியாக, பக்கத்துப் புந்தோங்கிலிருந்து மங்களம் வந்துகொண்டிருந்தாள். மாயாண்டியின் அக்கா. தம்பி படுத்ததிலிருந்து தினமும் வெயில் தாழ நடந்து வருவாள். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவுக்கும் அவள் வந்து குரல் எடுத்தால்தான் ஒப்பாரி தொடங்கும். தீட்டு, சடங்கு எதுவானாலும் அவளிடம்தான் கேட்பார்கள்.

"மூக்குல ஏறுது. என்ன சுட்டீங்க? அட, உக்காந்திருக்கானே! தூங்குறானா?"

செல்லாயி ஒதுங்கி வழிவிட்டாள். மங்களம் உள்ளே போனாள். தம்பியின் பாதத்தைத் தொட்டாள். கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"எப்ப?"

"தட்டத் திருப்பினப்ப, மதினி."

மங்களம் ஈரக் கரியைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

"சத்தம் போட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"வேகட்டும்னு."

"வேகட்டும்னா?" மங்களத்தின் குரல் தாழ்ந்தது. தாழ்ந்ததே பயமாக இருந்தது. "புருஷன் உசுரு போயி உக்காந்திருக்கான், நீ பலகாரம் வேகட்டும்னு பாத்தியா? எந்த ஊருல நடக்கும்டி இது? கால நீட்டிப் படுக்க வெச்சியா? தாடையக் கட்டினியா?"

"இல்ல மதினி."

"தூக்கி எறி எல்லாத்தையும்."

"அவரு மடிச்சது" என்றாள் செல்லாயி. "காலைல உக்காந்து, பன்னெண்டையும் அவருதான் மடிச்சாரு. ஒங்களுக்கு ரெண்டுன்னு சொன்னாரு."

மங்களம் குனிந்தாள். ஓரத்து மடிப்பை விரலால் தடவிக்கொண்டே போனாள். சூடு சுட்டிருக்கும், ஆனாலும் எடுக்கவில்லை. சுட்டுவிரல் நுனி இல்லாததால் ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் ஒரு சின்ன மேடு நின்றது. பன்னிரண்டிலும் அதே மேடு.

"மூதி" என்றாள் தம்பியைப் பார்த்து. "இதுக்குத்தான் எந்திரிச்சு உக்காந்தியா?"

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"மொதல்ல இவனப் படுக்க வைப்போம், பிடி" என்றாள் மங்களம். இரண்டு பேருமாகக் கட்டிலில் நீட்டிப் படுக்க வைத்தார்கள். தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிந்தார்கள். மங்களம் தம்பியின் தலை தெற்கே இருக்கும்படி திருப்பி வைத்தாள். எல்லாம் முடிந்ததும் முற்றத்துக்கு வந்து, தட்டின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"அழுதாத்தான் எழவு வீடு" என்றாள். "நாம இன்னும் அழுவல."

செல்லாயி அவளைப் பார்த்தாள்.

"என்ன பாக்குற? யாருகிட்டயாச்சும் சொன்னியா? இல்ல. நான் சொன்னனா? இல்ல. அப்ப இன்னும் தீட்டு இல்ல. நான்லா சொல்றேன். ஒக்காரு, தின்னு. அழுதபெறகு பதினாறு நாளைக்கு இறாலு பேரக்கூட எடுக்க முடியாது."

"எனக்கு எறங்காது மதினி."

"எறங்கும். அவன் ஒனக்குப் பங்கு வெச்சான்ல?"

செல்லாயி ஒன்றை எடுத்தாள். கடித்ததும் மேல்தோல் அடுக்கடுக்காக நொறுங்கி மார்பில் உதிர்ந்தது. உள்ளே இறால் இன்னும் கொதித்தது. பங்களாவில் தின்றதெல்லாம் சாறு ஒழுகிப்போய், ஆறிப்போய், பாதியாய். இதில் சாறு உள்ளேயே இருந்தது. இவ்வளவு ருசியா என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் கண்ணில் நீர் வந்தது, சத்தமில்லாமல்.

"மொளகு கூடிப்போச்சு" என்றாள் மங்களம், வாய் நிறைய.

"அவருதான் போடச் சொன்னாரு."

"அவனுக்கு எப்பவும் காரம் கூடத்தான் வேணும்."

ஆளுக்கு ஒன்று முடிந்தது. மங்களம் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டாள். பத்துமலைக்கு என்று செல்லாயி மூன்றைத் தொட்டபோது, "வேணாம். சேதி கேட்டு வாரவனுக்கு எப்படிக் குடுப்ப? அவனுக்குத் திங்க இன்னும் எவ்வளவோ வயசு கெடக்கு" என்றாள். மீதியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு மதில் பக்கம் போனாள்.

"நல்லம்மா! ஏ நல்லம்மா! இந்தா பிடி. தம்பி குடுக்கச் சொன்னான்."

"அண்ணே எந்திரிச்சிட்டாரா அக்கா? எப்படி இருக்காரு?"

"படுத்திருக்கான். சூட்டோட தின்னு, ஆறவிடாத."

திரும்பி வந்து, இரண்டு பேர் கையிலும் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். செல்லாயியின் மார்பில் கிடந்த துணுக்குகளைத் தட்டிவிட்டாள். வாயைக்கூடத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். கட்டிலின் அருகே அவளை உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து, அவள் தோளில் கை போட்டு இழுத்து நெற்றியோடு நெற்றி சேர்த்தாள். பக்கத்து வீட்டில் சாப்பிடும் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பவள்போல் சிறிது நேரம் அப்படியே இருந்தாள்.

"முழுங்கிட்டியா?" என்று கேட்டாள்.

"ம்."

மங்களம் குரல் எடுத்தாள். அதோடு செல்லாயியின் குரலும் சேர்ந்துகொண்டது. சிலிபின் வரிசையில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

நல்லம்மாதான் முதலில் ஓடி வந்தாள். நிலைப்படியில் நின்று, "ஐயோ அண்ணே" என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கியவள், அந்தக் கையில் கடித்த மீதி இருப்பதைப் பார்த்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அங்குமிங்கும் பார்த்தாள். கீழே போட மனம் வரவில்லை. கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, அவசர அவசரமாக அதை வாயில் போட்டு மென்றாள்.