நடுவில் வைத்த பக்கம்

மணியம் பிரேமலாவுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஆயிரத்து முந்நூற்று ஐம்பது மலேசிய வெள்ளி. வெப்சைட் பிடித்தால்தான் காசு என்று பேச்சு.

டைல்ஸ் ஒட்டுகிற ஆளுக்கு வெப்சைட் எதற்கு என்று குளுவாங் ஊரில் பலரும் கேட்டார்கள். யோங் பெங்கில் வீடு கட்டும் கெர்ட்ரூட் சிங்கப்பூரில் வேலை செய்பவள். "உங்க வேலையப் பாக்கணும், வெப்சைட் அனுப்புங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டாள். இரண்டு மாடி வீடு. கிடைத்தால் தீபாவளி வரைக்கும் வேறு வேலை தேட வேண்டாம்.

வெப்சைட் செய்து கொடுப்பது பிரேமலாவின் தொழில். கோப்பிக் கடையில் மடிக்கணினியைத் திறந்து ஒரே ஒரு பக்கத்தைக் காட்டினாள். வெள்ளைப் பின்னணி, அவர் ஒட்டிய தரைகளின் படங்கள், மேலே போன் நம்பர். நன்றாகத்தான் இருந்தது. அதுவே மணியத்தை உறுத்தியது.

"ஒன்னுதானா?"

"ஒன்னு போதும் அங்கிள். எல்லாம் உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே செஞ்சேன்."

"வேற யாருக்கோ செஞ்சத என் தலையில கட்டப் பாக்குறியா? மூணு கொண்டா, நான் எடுத்துக்கறேன்."

"மூணு பாத்தா கொழம்பிடுவீங்க லா."

"நானா? முப்பது வருசமா மத்தவங்களக் கொழப்புறவன் நான்!"

அடுத்த வாரம் மூன்று வந்தன. முதலாவது கண்ணைக் குத்தும் மஞ்சள், எழுத்துகள் நிற்காமல் ஓடின. நடுவில் பழைய பக்கம். கடைசியில் வெறும் எழுத்து, படமே இல்லை.

மணியத்துக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர்கள் முன்னால் அவரும் மூன்று டைல்ஸ்தான் பரப்புவார். ஒரு பக்கம் அசிங்கமானது, மறுபக்கம் விலை எட்டாதது, நடுவில் தன் கொட்டகையில் தேங்கிக் கிடப்பது. எல்லாரும் நடுவில்தான் கை வைப்பார்கள். அந்த வித்தையை அவரிடமே காட்டுகிறாள். அப்படியென்றால் நடுவில் உள்ளதில் என்னவோ இருக்கிறது.

"மஞ்சளே இருக்கட்டும்."

பிரேமலாவின் முகம் மாறியது. "நெசமாவா அங்கிள்?"

அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு உறுதியாகிவிட்டது. "மஞ்சள்தான். ஏத்திடு. கெர்ட்ரூட் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுக் காசு."

கெர்ட்ரூட் போன் செய்தாள். "அங்கிள், உங்க பக்கத்தத் தெறந்தா தல சுத்துது. இந்த லட்சணத்துல தரையப் போட்டா நாங்க எப்படிக் குடியிருக்கறது? லாபிஸ் ஊர் ஆளுக்கு வேலையக் குடுத்துட்டேன். தப்பா நெனைக்காதீங்க."

மணியம் நேராகப் பிரேமலா வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்று கத்தினார்.

"மஞ்சள் குப்பைன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றாள். "அரை மணி நேரத்துல செஞ்சது. நடுவுல உள்ளத நீங்க எடுக்கணும்னுதான் ரெண்டு பக்கமும் குப்பைய வச்சேன். இனிமே யாரு கேட்டாலும் ஒன்னுதான் காட்டுவேன் அங்கிள். எனக்குக் காசு வேணாம், விடுங்க."

சந்தேகப்பட்டது சரிதான். சரியாக இருந்தும் வீடு கை விட்டுப் போய்விட்டது. இப்போது இவள் காசும் வேண்டாம் என்கிறாளே, எதற்கு?

"ஏன் வேணாங்கற? மணியம் ஏமாத்திட்டான்னு ஊரெல்லாம் சொல்லவா?"

"அலமாக்! கேட்டாலும் சந்தேகம், விட்டாலும் சந்தேகமா?"

"நல்லதத் தூக்கி ஏத்து. என் கண்ணு முன்னாலயே."

ஏற்றினாள். தன் போனில் திறந்து, நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்த பிறகே பணத்தை அனுப்பினார்.

"வந்துச்சு அங்கிள்."

"காட்டு."

அவள் போனை வாங்கிப் பார்த்தார். முழுத் தொகையும் ஏறியிருந்தது.