ஒன்பதாவது ஷரத்து

காலை எட்டு மணிக்குக் கூடத்தில் மண் வெட்டும் சத்தம் நின்றது. அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த சூடாமணி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். நாலு நாளாக வீட்டையே உலுக்கிய சத்தம். அது எப்போது ஓயும் என்று இருந்தவள், ஓய்ந்ததும் ஈரக்கையை உதறிக்கொண்டு எழுந்தாள். தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

எட்டிப் பார்த்தாள். கொல்லையிலிருந்து வாசலை நோக்கி வந்த பள்ளம் பூஜை அறைச் சுவரை ஒட்டிக் கூடத்தின் பாதி வரை பிளந்திருந்தது. பள்ளத்துக்குள் நாலு பேர் இடுப்பளவு மண்ணில் நின்றிருந்தார்கள். அவள் புருஷன் பஞ்சாபகேச ஐயர் மேலே பலகையில் நின்று ஒரு முத்திரைத் தாளை நீட்டிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் வெட்டுங்கோ. அதுவரைக்கும் இந்த இடத்தைத் தாண்டப்படாது."

மயிலாப்பூரில் குளத்தை அடுத்த அந்தத் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. இரண்டு பக்கமும் பொதுச் சுவர். தெருவில் டிரெயினேஜ் குழாய் பதித்த கார்ப்பரேஷன், ஐப்பசிக்குள் ஒவ்வொரு வீடும் இணைப்பு வாங்கியாக வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்பிவிட்டது. கொல்லைக் கக்கூஸிலிருந்து குழாய் தெருவுக்குப் போக வீட்டின் நடுவைத் தவிர வேறு வழி கிடையாது. இதுநாள் வரை கக்கூஸ் அள்ளப் பின்சந்தோடு வந்து கொல்லையோடு திரும்பிப் போனவர்கள் இப்போது கூடத்துக்குள் இறங்கித் தோண்ட வேண்டும்.

செய்தி ராயப்பேட்டையில் இருந்த சம்பந்தி சங்கரய்யருக்கு எட்டியது. கண்டவர்கள் நடந்த வீட்டில் தலைதீபாவளிக்குக் கை நனைக்க மாட்டோம் என்று அவர் கார்டு எழுதினார். மருமகள் ஜெயலக்ஷ்மியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதும் சந்தேகம்தான் என்று கடைசி வரி.

பஞ்சாபகேச ஐயர் முப்பது வருஷம் ஒரு பெரிய வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். எந்தச் சங்கடத்துக்கும் ஒரு ஷரத்து எழுதிவிட்டால் தீர்ந்தது என்பது அவர் எண்ணம். காண்ட்ராக்டர் குலாம் முகம்மதுவோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் குழாயின் அளவு, ஆழம், தரையைப் பழையபடி மூடித்தரும் கெடு எல்லாம் எழுதியபின் ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்த்தார். 'மேற்படி வேலையில் அமர்த்தப்படும் ஆட்கள் யாவரும் சாதி இந்துக்களாயிருக்க வேண்டியது. அவரவர் பெயர், தகப்பனார் பெயர், சாதி ஆகியவற்றை அடியில் கண்ட ஜாபிதாவில் எழுதி, கையொப்பமோ ரேகையோ வாங்க வேண்டியது.'

குலாம் முகம்மது அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சாமி, இந்த வேலைக்கு அந்த மாதிரி ஆளுங்க வரமாட்டாங்க. நானும் பத்து வருசமா பாத்துக்கினுதான் கீறேன்."

"எனக்குத் தெரியாதா சாயபு? காகிதத்துல இருந்தாப் போறும். சம்பந்தி கேட்டா எடுத்துக் காட்டிடுவேன்."

அப்படித்தான் ஜாபிதா என்ற அந்தப் பெயர்ப் பட்டியல் தயாரானது. ஐயரே தன் முத்து முத்தான கையெழுத்தில் நாலு பெயர்களையும் எழுதினார். கொல்லையில் வேலை நடந்தவரை கையொப்பத்துக்கு அவசரமில்லை என்று விட்டிருந்தார். இன்று பள்ளம் பூஜை அறையைத் தொட்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

தாளை முதலில் வாங்கியவன் கன்னியப்பன். முப்பது வயது இருக்கும். ஆற்றங்கரைச் சேரிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு முடித்தவன். இது ஐயருக்கும் தெரியாது, காண்ட்ராக்டருக்கும் தெரியாது. மண் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"கன்னியப்ப முதலி. தகப்பனார் பேர் சின்னசாமி முதலி." நிமிர்ந்தான். "இவுரு யாரு சாமி?"

"யாரு?"

"சின்னசாமி முதலின்னு போட்டுக்கீது. எங்க நைனா பேரு சடையன். இந்தத் தெருவுல இந்தக் குழா பொதைச்சப்போ பள்ளம் சரிஞ்சு மண்ணுக்குள்ளயே பூட்டாரு. அந்த எடத்துல வேற ஆளு பேரைப் போட்டுக் கையெழுத்து வெக்கச் சொல்றீங்களே."

குலாம் முகம்மது குறுக்கிட்டார். "அட, சும்மா பேருக்குத்தாம்பா. ஒரு கோடு இழுத்துட்டு வேலையப் பாரு."

"பேருதானே பாய் கேக்கறாங்க."

கிழவன் குப்பன் மையில் தோய்த்த கட்டைவிரலைத் தாளுக்கு மேலே பிடித்தபடி நின்றான். "எம் பேரு இன்னான்னு போட்டுக்கீது, படி."

"குப்புசாமி நாயகர்."

குப்பன் கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தான். பிறகு சுவர் மண்ணில் அதைத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பள்ளத்தை விட்டு ஏறினான். மற்ற இரண்டு பேரும் பின்னாலேயே ஏறினார்கள். கன்னியப்பன் தாளைப் பலகைமேல் பதனமாக வைத்து, பறக்காமல் இருக்க ஒரு செங்கல் துண்டை மேலே வைத்துவிட்டுப் போனான். நாலு பேரும் வாசலுக்கு எதிரே தெருவில் குந்திக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு மழை பிடித்தது. கொல்லையில் விழுந்த தண்ணீர் பள்ளம் வழியாகக் கூடத்துக்குள் வந்தது. பஞ்சாபகேச ஐயர் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக ரேழிக்கும் கூடத்துக்கும் நடந்தார். குலாம் முகம்மது வேறு ஆட்களைத் தேடி மந்தைவெளி வரை போய், நனைந்து தனியாகத் திரும்பினார்.

"ஒருத்தனும் வரலை சாமி. செவுரு ஓரம் மண்ணு கரையுது. குழாயப் போட்டு மூடலைன்னா பூஜை ரூம் செவுரு எறங்கிடும். அப்பால என்ன ஒண்ணும் கேக்காதீங்க."

"பயமுறுத்தறீரா?"

"நீங்களே பாருங்க."

சுவரின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கீறல் ஓடியிருந்தது. உள்ளே சாமி படம் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது.

சூடாமணி தவலையோடு பலகையைக் கடக்கப் பார்த்து, வழுக்கி, தூணைப் பிடித்துக்கொண்டாள். தவலை பள்ளத்தில் விழுந்தது. அதை எடுக்க அவள் குனியவில்லை.

"ஏன்னா, மாவு அந்தப் பக்கம், அடுப்பு இந்தப் பக்கம். மனோகரம் பண்ணணும், ஓமப்பொடி பிழியணும். அவன் அவனோட அப்பா பேரை எழுதறேங்கறான். எழுதட்டுமே. அதுல நமக்கென்ன குடி முழுகிப்போறது?"

"உனக்குத் தெரியாது. பத்திரத்துல ஏறிடுத்துன்னா ஏறினதுதான்."

"ஆத்துக்குள்ள நாலு நாளா நிக்கறாளே, அது ஏறலையா? நேத்திக்குத் தாகம்னு கேட்டான். ரேழியில வச்சுட்டு வந்தேன், எடுத்துக் குடிச்சான். எல்லாம் நடந்துண்டுதானே இருக்கு. காகிதத்துக்கு மட்டும் என்ன மடி?"

அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. அவளும் சீர்திருத்தம் எதையும் நினைத்துப் பேசவில்லை. கூடம் மூட வேண்டும், பெண் வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

சுவரிலிருந்து ஒரு கட்டி மண் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது.

ஐயர் வாசலுக்குப் போய், தெருவைப் பார்க்காமல் தாளையும் பேனாவையும் நீட்டினார். கன்னியப்பன் எழுந்து வந்து வாசற்படியில் தாளை வைத்து, 'முதலி' என்று இருந்த இடங்களையும் 'சின்னசாமி' என்பதையும் அடித்தான். மேலே எழுதினான். கன்னியப்பன், தகப்பனார் சடையன், ஆதி திராவிடன். குப்பனுக்கும் மற்றவர்களுக்கும் அவர்கள் சொல்லச் சொல்ல அவனே திருத்தினான். எழுத்து பெரிது பெரிதாக இருந்தது, கோட்டை மீறி ஏறியது, ஆனால் ஒரு பிழை இல்லை. நாலு பேரும் மழையில் நனைந்த கையோடு கையொப்பமும் ரேகையும் வைத்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார்கள்.

தாள் ஐயரிடம் திரும்பியது. அடித்துத் திருத்திய இடத்தில் உரியவர் சுருக்கொப்பம் இடாத பத்திரத்தை அவர் வாழ்நாளில் ஏற்றதில்லை. பேனாவை ஒரு முறை உதறினார். பிறகு ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். ஒன்பதாவது ஷரத்தும் ஜாபிதாவும் இப்போது முரண்பட்டன. அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஷரத்தில் இந்துக்களுக்கு முன்னால் இருந்த 'சாதி' என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்தார். 'ஆட்கள் யாவரும் இந்துக்களாயிருக்க வேண்டியது' என்று நின்றது.

சுவர் தப்பியது. இரண்டு நாளில் குழாய் பதித்துத் தரை மூடினார்கள். மூன்றாம் நாள் புரோகிதர் வந்து புண்யாகவாசனம் செய்து கூடமெங்கும் ஜலம் தெளித்தார்.

தலைதீபாவளிக்கு எல்லோரும் வந்தார்கள்; எல்லாம் பத்திரம் எழுதித்தான் நடக்கிறது என்று ஐயர் முன்பே சம்பந்திக்குப் பதில் கார்டு போட்டிருந்தார். சம்பந்தி சங்கரய்யர் கொல்லைக்குப் போய்விட்டு முகமெல்லாம் மலர்ச்சியாகத் திரும்பினார். புதுக் கக்கூஸில் தண்ணீர் விடும் சங்கிலியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்ததாகச் சொன்னார்.

"எங்காத்துக்கும் நோட்டீஸ் வந்துடுத்து. இதே சாயபு, இதே ஆட்கள்தான் வேணும். அந்தப் பத்திரத்தைக் கொடும், காப்பி எடுத்துக்கறேன்."

பஞ்சாபகேச ஐயர் மறுக்க ஒரு காரணம் தேடினார், கிடைக்கவில்லை. பெட்டியைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தார். சூடாமணி வாசற்கால் அருகே காபி டம்ளரோடு நின்றாள். சங்கரய்யர் ஷரத்து ஷரத்தாகப் படித்து ஒன்பதுக்கு வந்தார், ஜாபிதாவுக்கு வந்தார். திருத்திய பெயர்கள்மேல் விரலை ஓட்டினார்.

"புண்யாகவாசனம் ஆச்சோல்லியோ?"

"ஆச்சு."

"அப்புறம் என்ன." தாளை மடித்தார். "எங்காத்துப் பத்திரத்துல இந்த ஜாபிதாவே வேண்டாம். பேரை எழுதினாத்தானே தெரியறது."

தை பிறந்தபின் ஒரு காலை. ராயப்பேட்டையில் சங்கரய்யர் வீட்டு வாசலில் குலாம் முகம்மது நாலு பேரோடு வந்து நின்றார். பத்திரத்தில் அவரும் சங்கரய்யரும் முந்தின நாளே ஒப்பமிட்டிருந்தார்கள். கெடு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. கன்னியப்பன் கடப்பாரையைத் தெருவில் ஊன்றினான்.

"பேரு எழுதற எடம் எங்க பாய்?"

"இந்த தபா அதெல்லாம் எடுத்துட்டாங்கபா. உனக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி. எறங்கு."

"உள்ள பூந்து வெட்டறது நாங்க. யாரு வெட்டுனாங்கன்னு எழுதிடுங்க. அப்பால எறங்கறோம்."

சங்கரய்யர் படியிலிருந்து சொன்னார். "உங்களை விட்டா ஆள் இல்லையா? வேற ஆளைக் கொண்டு வரச்சொல்றேன்."

"சொல்லுங்க சாமி," என்றான் கன்னியப்பன். குரலில் கோபம் இல்லை. குப்பன் ஏற்கெனவே தெரு ஓரமாகக் குந்தி வெற்றிலையை எடுத்திருந்தான்.

குலாம் முகம்மது படியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். அன்று மழையில் மந்தைவெளி வரை நடந்தது அவருக்கு மறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"சாமி," என்றார், "ஒரு வெள்ளைத் தாளு இருந்தா குடுங்க."