இடது குதிகால்

செங்கமலம் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில், உற்பத்தி லைனுக்குள் நுழையும் வாசலில் ஒரு இரும்புத் தகடு பதித்திருந்தார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் கம்பெனி கொடுத்த செருப்போடு அதன்மேல் ஏறி நின்று, எதிர்ச் சுவரில் இருக்கும் பொத்தானை விரலால் அழுத்த வேண்டும். இடது காலுக்கு ஒரு விளக்கு, வலது காலுக்கு ஒரு விளக்கு. இரண்டும் பச்சையாக எரிந்தால்தான் கதவு திறக்கும்.

அங்கே செய்வது செல்போனுக்குள் வைக்கிற சின்னப் போர்டுகள். நம் உடம்பில் நமக்கே தெரியாமல் சேருகிற மின்சாரம் பட்டால் அந்தப் போர்டு செத்துப்போகும், அதனால் அது செருப்பு வழியாகத் தரைக்கு இறங்கிவிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். செங்கமலத்துக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்து என்ன செய்ய? முதல் நாள் அவள் ஏறி நின்றபோது இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்தன.

சூப்பர்வைசர் வனமாமலை செருப்பை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். தகட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தார். கடைசியில் முதலுதவி அறைக்கு அனுப்பினார். அங்கிருந்த நர்ஸ் அவள் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தோல் இவ்வளவு தடிப்பாகவும் வறண்டும் இருந்தால் மின்சாரம் எப்படி இறங்கும், விளக்கு எப்படிப் பச்சையாகும் என்று கேட்டாள். ஊறவைத்துத் தேய்க்க வேண்டும், செத்த தோல் போக வேண்டும், வேறு வழியில்லை என்றாள்.

பிள்ளைப்பாக்கத்தில் பிறந்து, பிள்ளைப்பாக்கத்திலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள் செங்கமலம். போன வருஷம் வரை நடவும் களையெடுப்பும்தான் அவள் வேலை. செருப்புப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்க முடியாது. குதிகால் முழுக்க வெடிப்பு. வெயில் காலத்தில் ஒரு பத்துக் காசு செருகி வைக்கலாம் போலிருக்கும். அது ஒரு குறை என்று அவள் நினைத்ததே இல்லை.

நடவுக்கு ஆள் ஏற்றிப் போன டிராக்டர் தொட்டி வரப்பில் சாய்ந்ததில் அவளுடைய இடது முட்டி நொறுங்கியது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் முட்டி பாதிக்கு மேல் மடங்கவில்லை. குனிந்து நாற்று நட முடியாது, குந்தி உட்கார முடியாது, வெகுநேரம் நிற்கவும் முடியாது. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வழியாகப் போர்டில் ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிற இந்த வேலை, அவள் உடம்புக்கென்றே வந்தது போல வந்தது. பயிற்சியில் அவள்தான் முதலாவதாகத் தேறினாள். பத்தாவதோடு நின்ற படிப்புக்குப் பிறகு, எதிலாவது முதலாவதாக வந்தது அதுதான்.

வலது காலில் சிரமம் இருக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டு, கால் தேய்க்கிற கல்லால் தினமும் தேய்த்தாள். ஒரு வாரத்தில் வலதுபக்க விளக்கு பச்சையாகிவிட்டது. இடது கால்தான் கைக்கு எட்டவில்லை. கல்லை நீட்டினால் கட்டைவிரல் வரை போகும். குதிகால் எங்கோ இருந்தது.

அதுவரை அவளை அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்தில் நிறுத்திவைத்தார்கள். நாளெல்லாம் நின்றுகொண்டே செய்கிற வேலை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முட்டி பனங்காய் மாதிரி வீங்கியிருக்கும்.

அவள் புருஷன் திருமலை தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். அவள் இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு, நான் தேய்த்துவிடுகிறேன் என்றான். வெந்நீர் போட்டுக் குளியலறைக்குள் எடுத்துப்போய், அவளை முக்காலியில் உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்து இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். முதல் நாள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டாவது நாள் கதவு சரியாகச் சாத்தவில்லை. மாமியார் அம்சவல்லி பார்த்துவிட்டாள்.

"பொண்டாட்டி கால மடில வச்சிகினு குந்திகீறியே, ஊர்ல எவனாச்சும் பாத்தா இன்னாடா சொல்லுவான்?" என்றாள்.

திருமலை எழுந்திருக்கவில்லை. இது கால்தானே, இதில் என்ன என்று கேட்டான். அம்சவல்லி கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சோறு போட்டார்கள், தின்றார்கள், தட்டைக் கழுவினார்கள்.

செங்கமலத்துக்கு வெட்கம் ஒன்றுமில்லை. அவளை உறுத்தியது வேறு. திருமலைக்கு நேரம் காலம் கிடையாது. போன் வந்தால் லாரியை எடுக்க வேண்டும். ஒரு நாள் அவன் ஒரகடத்துக்கு லோடு போய்விட்டுத் திரும்பவே இல்லை. வெந்நீர் ஆறிக் கிடந்தது. மறுநாள் அவன் வந்ததும் அவள் சொன்னாள்:

"நீ லோடு போற அன்னிக்கெல்லாம் என் காலு இன்னா பண்ணும்? எனக்கு நானே தேச்சிக்கற மாரி ஒண்ணு வேணும்யா. நின்னுகினே தேய்க்கணும். குனியக்கூடாது."

அப்படி ஒன்று கடையில் விற்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. விற்றாலும் இந்தப் பக்கம் கிடைக்காது. செய்துகொள்கிறேன் என்று அவளே ஆரம்பித்தாள்.

லாரியில் துரு சுரண்டுவதற்கு வைத்திருந்த கம்பி பிரஷ் ஒன்று வீட்டில் கிடந்தது. துருவே போகிறது, தோல் போகாதா என்று நினைத்தாள். அதை ஒரு பலகைமேல் முள் மேலாக இருக்கும்படி ஆணியடித்து, குளியலறைத் தரையில் போட்டு, சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே காலை முன்னும் பின்னும் இழுத்தாள். தடித்த தோலில் வலியே தெரியவில்லை. தெரிந்தபோது தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பதறிக் காலை எடுத்ததில் பலகை வழுக்கியது. விழாமலிருக்கக் குழாயைப் பிடித்தாள். குழாய் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சியடித்து மேல்நிலைத் தொட்டி காலியாகும் வரை யாராலும் நிறுத்த முடியவில்லை. அம்சவல்லி நனைந்த புடவையோடு நின்று, ஒரு வேலைக்காக இந்த வீட்டையே இடித்துவிடுவாள் போலிருக்கிறது என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பாதத்தின் வெளிப்பக்கம் ஓரமாகக் கிழிந்திருந்தது. சீழ் வைத்து, சில நாள் செருப்பே போட முடியவில்லை. வேலைக்குத் திரும்பிய அன்று நர்ஸிடம் நல்ல திட்டு கிடைத்தது. ஒரே நாளில் உரிப்பதற்கு இது என்ன உருளைக்கிழங்கா, முதலில் ஊறவை, மெத்தென்ற பிரஷ்ஷால் தேய், பிறகு கல், கடைசியில் ஈரத்தைத் துடைத்து எண்ணெய் போடு, கொஞ்சம் கொஞ்சமாகப் போகட்டும் என்றாள் அவள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் போவதற்கு நாள் இல்லை. அன்று மத்தியானம் வனமாமலை அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர், கோபப்படத் தெரியாதவர். போர்டு வாங்குகிற கம்பெனியிலிருந்து வரப்போகும் திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை ஆட்கள் பார்வைக்கு வருகிறார்கள், லைனில் ஒரு ஸ்டூல் காலியாகக் கிடக்கக் கூடாது, அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டு அவளைக் கேன்டீனுக்கு மாற்றச் சொல்கிறது நிர்வாகம் என்றார். கேன்டீனில் நின்றுகொண்டே பாத்திரம் கழுவ வேண்டும். அந்த முட்டியோடு அது எத்தனை நாளைக்கு ஓடும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"அந்தத் திங்கக்கெழம வரைக்கும் என் ஸ்டூல யாருக்கும் குடுக்காதீங்க சார்," என்றாள் செங்கமலம். "அன்னிக்கு செவப்பு எரிஞ்சா, நீங்க சொல்லவே வேணாம். நானே போய் கேன்டீன்ல நின்னுக்கறேன்."

வனமாமலை சரி என்றார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் தென்காசிப் பக்கத்துப் பெண்கள் நாலு பேர் வாடகைக்கு இருந்தார்கள். அதில் சுகப்பிரியா என்பவள் காருக்கு ரப்பர் சாமான் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். குழாய் உடைந்த அன்று தண்ணீர் இல்லாமல் தவித்தவர்களில் அவளும் ஒருத்தி. அந்தப் பலகையை வைத்துக்கொண்டு செங்கமலம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என்னவென்று விசாரித்தாள். விஷயம் தெரிந்ததும் பலகையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, பலகதான வழுக்குது. இதுக்கு அடில ரப்பர வச்சி அடிச்சா அசையாதுல்லா," என்றாள்.

அவள் கம்பெனியில் கழித்துக் கட்டுகிற ரப்பர் விரிப்புகள் ஒரகடம் கூட்டுரோட்டில் உள்ள பழைய இரும்புக் கடைக்கு வரும் என்றும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போய், அடியில் குமிழ் குமிழாக இருந்த ஒரு விரிப்பை எடுத்து வந்தார்கள். செங்கமலம் அதைப் பலகை அளவுக்கு வெட்டி அடியில் அடித்தாள். மேலே, துணி துவைக்கிற பிரஷ்கள் இரண்டை நீளவாக்கில் நடுவில் பதித்தாள். இன்னும் இரண்டை ஓரங்களில் உள்பக்கம் சாய்த்து வைத்தாள், பாதத்தின் இரண்டு பக்கமும் தேயட்டும் என்று. குதிகால் வருகிற இடத்தில் மட்டும் கால் தேய்க்கிற கல்லைப் பள்ளம் வெட்டி இறக்கினாள். பார்க்க ஒரு பெரிய செருப்பைத் தலைகீழாகப் போட்டது போல இருந்தது. திருமலை புதுக் குழாய் மாட்டும்போதே, அதற்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புப் பைப்பையும் சுவரில் சிமென்ட் வைத்துப் பதித்தான். இதைப் பிடுங்கிவிட்டால் வீட்டையே தூக்கிக்கொண்டு வருவாய் என்றான்.

பலகை அசையவில்லை. பக்கெட் தண்ணீரில் காலை ஊறவைத்து, பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, முதலில் பிரஷ்ஷில் தேய்த்து, பிறகு பின்னால் இழுத்துக் கல்லில் தேய்த்தாள். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. தண்ணீரில் மாவு மாதிரி வெள்ளையாகப் போனது. காயம் பட்ட ஓரத்தில் எரிந்தது. நிறுத்தவில்லை. நர்ஸ் சொன்னபடி எண்ணெய் தடவி, சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கினாள். அம்சவல்லி அந்த சாக்ஸைப் பார்த்தாள்.

இடதுபக்க விளக்கு மட்டும் சிவப்பாகவே எரிந்தது. தினமும் பெட்டி மடிக்கப் போகுமுன் தகட்டில் ஏறிப் பார்ப்பாள். பின்னால் நிற்கிற பெண்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள். பிறகு நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். அவள் இறங்கி வழிவிட்டுப் போவாள். மறுநாள் மறுபடியும் ஏறுவாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், பலகையை வெயிலில் காயவைக்க எடுத்துப்போனபோது ஒன்றைக் கவனித்தாள். முன்பக்கத்து பிரஷ் முள்ளெல்லாம் மடங்கிப் படுத்திருந்தது. குதிகாலுக்கென்று வைத்த கல் ஏறக்குறைய வாங்கியபோது இருந்தது போலவே இருந்தது. அத்தனை நாளும் குதிகாலைத் தேய்ப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். முட்டி வலிக்குப் பயந்து, உடம்பு அவளைக் கேட்காமலேயே பாரத்தை விரல்பக்கம் தள்ளியிருக்கிறது. அப்படியானால் தகட்டின் மேலும் அப்படித்தான் நிற்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. குதிகால் செருப்பில் சரியாகப் பதிந்தால்தானே விளக்குக்குத் தெரியும்?

காயாத பலகையை அப்படியே திரும்ப எடுத்துப்போனாள். பைப்பை இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலைக் கல்லின்மேல் வைத்து அழுத்தினாள். முட்டிக்குள் யாரோ ஆணி இறக்கியது போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அழுத்தினாள். கல் கரகரத்தது. அந்தச் சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை. அன்று பகலில் ஊறவைப்பதும் தேய்ப்பதும் ஓய்வெடுப்பதுமாகவே இருந்தாள். சாயங்காலம் பார்க்கச் சொன்னபோது திருமலை, குதிகால் பழுப்பிலிருந்து சிவந்த நிறத்துக்கு வந்துவிட்டது என்றான்.

திங்கட்கிழமை காலை வனமாமலை வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு செங்கமலம் தகட்டில் ஏறினாள். பொத்தானை அழுத்தினாள். வலது பச்சை. இடது சிவப்பு.

வனமாமலை தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் இறங்கவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். விரல்களைத் தளர்த்தி, பாரம் முழுவதையும் பின்னால் தள்ளி, மடங்காத காலை நேராக்கிக் குதிகாலைச் செருப்பில் அழுத்தினாள். வலி இடுப்பு வரை ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. அப்படியே நின்று, மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.

இரண்டும் பச்சையாக எரிந்தன. கதவு திறந்தது.

பின்னால் யாரோ கைதட்ட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். வனமாமலை, போம்மா, போய் உட்காரு என்று மட்டும் சொன்னார்.

அவள் ஸ்டூல் காலியாக இருந்தது. உட்கார்ந்து, மணிக்கட்டில் மின்சாரம் இறக்குகிற பட்டையைக் கட்டி, கண்ணாடியை முகத்துக்கு நேராக இழுத்து வைத்தாள். முதல் போர்டு வந்தது. சரியாக இருந்தது, தள்ளினாள். நாலாவதோ ஐந்தாவதோ போர்டில் ஒரு மூலையில் ஈயம் பிடிக்காமல் மயிரிழை இடைவெளி தெரிந்தது. அதில் பழுதைக் காட்டுகிற சிவப்பு அம்புச் சீட்டை ஒட்டி எடுத்து வைத்தாள். பார்வைக்கு வந்தவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனது அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லித்தான் தெரிந்தது.

சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்துக்குத் திருமலை பைக்கோடு வந்திருந்தான். கேட்கப் பயந்துகொண்டு கேட்டான்.

"பச்சதான்," என்றாள். "நாளைக்கும் இதே மாரி நிக்கணும். தெனமும் நிக்கணும்."

வலிக்கிறதா என்று கேட்டான். வலிக்கிறது என்றாள். பின்னால் ஏறி உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் குளியலறைக் கதவு திறந்திருந்தது. பக்கெட்டில் ஆவி பறக்க வெந்நீர் இருந்தது. பலகையை யாரோ கழுவி, சுவரோரம் சரியான இடத்தில் போட்டிருந்தார்கள். அம்சவல்லி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி ஆறிடப்போவுது, போ," என்றாள், திரும்பாமலேயே.

"போறேன் அத்த," என்று செங்கமலம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.