வெளிறிய நீலம்

அறுபது நீலத் தாள்களையும் கொண்டுவந்து மேசையில் போட்டான் ஒரு தூதரின் உதவியாளன். நீலம் வெளிறிப்போயிருக்கிறதாம். தூதருக்குப் பிடிக்கவில்லையாம்.

"கல்யாணப் பத்திரிகையா அடிச்சுக் குடுத்தோம்?" என்றாள் நெரெய்டா. அவன் அதற்குள் படியேறிப் போய்விட்டான்.

கறுப்பு மையில் இருக்கும்வரை தீர்மானம் வெறும் பேச்சு. நீலத்தில் அடித்துவிட்டால் வாக்கெடுப்புக்குத் தயார் என்று அர்த்தம். நியூயார்க்கில் உலக நாடுகளெல்லாம் கூடும் அந்த ஆற்றோரக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பத்தொன்பது வருஷமாக நானும் அவளும் அடிப்பது இதைத்தான். இந்த முறை தாளில் இருந்தது போருக்கான அனுமதி. அவள் மகன் வில்ஃப்ரெடோ பாலைவனத்தில், எல்லைக்கு இந்தப் பக்கம் படைக் கூடாரத்தில் காத்திருந்தான்.

நேச நாடுகளுக்குள் மூன்று வாரமாகச் சண்டை. ஒருவருக்கு உடனே போர் வேண்டும், இன்னொருவருக்கு நாற்பத்தைந்து நாள் அவகாசம் வேண்டும். மறுபடி அடித்த தாள்களை நான்தான் மேலே கொண்டுபோனேன். சண்டைக்காரர்கள் ஒரே மேசையில் மீன் தின்றுகொண்டிருந்தார்கள்.

"நாப்பத்தஞ்சு நாளா? எம் பொண்டாட்டியே அவ்ளோ டயம் குடுத்ததில்லப்பா" என்றார் உடனே போர் கேட்ட தூதர்.

எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பா துறைமுகத்தில் சிமெண்டு மூட்டை இறக்கியவர், ராத்திரிவரை சாம்பல் நிறத்தில் துப்புவார். எனக்கு அன்றுதான் அப்படித் துப்பவேண்டும்போல் இருந்தது.

திங்கட்கிழமை தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். போதுமான நாடுகள் ஒப்பவில்லை, வாக்கெடுப்பு கிடையாது. நெரெய்டா சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். மறுநாள் பச்சைத் துவரையும் பன்றிக்கறியும் போட்ட சோறு அவள் வீட்டிலிருந்து ஒரு பெரிய ஏனம் நிறைய வந்தது.

"தின்னுய்யா லாயிட். ஓட்டு இல்லன்னா சண்டை இல்ல. நம்ம பாக்காததா?"

ஓட்டு இல்லாமலும் படை போகும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சோறு நன்றாக இருந்தது, இரண்டு தட்டு தின்றேன்.

வியாழக்கிழமை காலை நடைவழித் தொலைக்காட்சியில் ஒரு நகரம் எரிந்தது. படை எல்லையைத் தாண்டிவிட்டது என்றார்கள். பத்து மணிக்கு மேலிருந்து போன் வந்தது. மிச்சமிருக்கும் நீலத் தாள்களைக் கிழித்துவிட வேண்டுமாம்.

"அப்ப இத எதுக்குய்யா அடிச்சோம்?" என்றாள். நான் சோற்று ஏனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழிக்கும் இயந்திரத்தின் மேல் கழுவாமல் கிடந்தது.

ஒரே தடவையில் ஐம்பது தாளை விழுங்கும் இயந்திரம் அது. அவள் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். ஒவ்வொரு தாளுக்கும் ஏனம் கடகடவென்று ஆடி, விளிம்பை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தது.