துவாலு அரையிறுதிக்குப் போன ஆண்டு

இரண்டாயிரத்துப் பதினான்கு துவாலு நாட்டுக்கு நல்ல ஆண்டு. அது இத்தாலியின் பலெர்மோ நகரில் கானாவை வென்றது, மொரிஷியஸை வென்றது, அரையிறுதிக்கும் போனது. துவாலுவில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. ஆடிய பதினொரு பேரும் வன்னித் தமிழர். வார நாட்களில் வீடு துடைப்பார்கள், வயதானவர்களைப் பராமரிப்பார்கள். மனேஜர் நான், விக்னராஜா.

பல்லரோ சந்தைக்குப் பக்கத்துப் பங்குக் கோயிலில் வெளிநாட்டவருக்கென்று ஒரு கால்பந்துப் போட்டி வைத்தார்கள். ஒரு நாட்டுக்கு ஓர் அணி என்பது விதி. நான் பதியப் போனபோது சிங்களப் பெடியள் காலையிலேயே வந்து 'ஸ்ரீலங்கா' என்று பதிந்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது, நித்திரை கொண்டது நான். எங்களுக்கு வேண்டிய பெயரைச் சொன்னேன். பாதிரியார் நல்ல மனிதர். கணினியில் நாடுகளின் பட்டியலை மேலும் கீழும் இரண்டு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று இல்லையே என்றார். மிச்சத்தில் ஒன்றை எடுக்கச் சொன்னார். துவாலுவை எடுத்தேன், பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவு நாடு. சனத்தொகை பதினோராயிரம், பலெர்மோவில் எனக்குத் தெரிய ஒருவரும் இல்லை. சண்டைக்கு வர ஆளில்லாத நாடு எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் கோலி, அதாவது கோல் காக்கிறவன், ஜெயரூபன். சீசா என்கிற பகுதியில் ஒரு கிழட்டுச் சின்யோராவை, வீட்டுக்கார அம்மாவை, பராமரிக்கிறவன். அவன் மனைவி விஜிதா முல்லைத்தீவில் ஐந்து வருடமாகக் காத்திருந்தாள். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் இவனுடைய வதிவிட அட்டை, அந்தப் பெர்மெஸ்ஸோ, புதுப்பித்துக் கைக்கு வர வேண்டும். அந்த நாளை அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

அவனிடம் ஒரு பிடிவாதம். நாட்டின் பெயரை வாயால் சொல்ல மாட்டான். 'ஊர்' என்றுதான் சொல்வான். இரண்டாயிரத்தொன்பது மே மாதம் அவனுடைய தம்பி ஆமியிடம் சரணடைந்தான். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. படிவங்களில் நாடு என்று வருகிற கட்டத்தை நான்தான் நிரப்புவேன். அவன் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு கையெழுத்து வைப்பான்.

காலிறுதியில் இரண்டு பெனால்டியைப் பிடித்தான். ஒரு பத்திரிகைக்காரி ஓடி வந்தாள். சின்யோராக்களிடம் வேலை செய்கிற எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: விளங்கினாலும் விளங்காவிட்டாலும் "ஸி, ஸி", ஓம் ஓம், என்பார்கள். இல்லையென்று சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம்.

"உங்கள் தீவில் கடல் ஏறி வருகிறதாமே?"

"ஸி."

"உங்கள் வீட்டையும் கொண்டுபோனதா?"

"ஸி."

"மனைவி இன்னும் அங்கேயா?"

"ஸி, ஸி."

அவள் கண்ணைத் துடைத்தாள். அரைப் பக்கத்தில் படத்தோடு வந்தது: துவாலுவின் மகன்.

"அறுவானே, உனக்கு வாயிலை என்ன, கொழுக்கட்டையே?" என்று கத்தினேன்.

"விக்கியண்ணை, நான் என்ன பொய் சொன்னனான்? சுனாமியிலை கடல் வீட்டைக் கொண்டு போனதுதானே. விஜிதா அங்கைதானே இருக்கிறாள்."

யோசித்துப் பார்த்தேன், ஒரு சொல்லும் பொய்யில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அடுத்த கிழமை குவெஸ்தூராவில், வதிவிட அட்டை கொடுக்கிற பொலிஸ் கந்தோரில், அவனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். மொழிபெயர்க்க நான் போனேன். அதிகாரி அவன் முகத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"இந்தக் கோலியைப் பேப்பரில் பார்த்தேன். துவாலு. இதில் வேறு நாடு. எது பொய்?"

பெயர் பதிந்தவன் நான், விதைத்த வினையெல்லாம் என்னுடையது. பாதிரியார், பட்டியல், என் நித்திரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். எந்த நாட்டவன் என்று எழுதி ஒப்பமிட வேண்டும், அதுவரை புதுப்பிப்பு நிற்கும் என்றார். நான் பேனாவுக்குக் கை நீட்டினேன்.

"நீங்கள் இல்லை. அவர் எழுதட்டும்."

ஜெயரூபன் பேனாவை வாங்கினான். எழுதவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"வேறை வழி இல்லையோ, அண்ணை?"

"இல்லையடா. விஜிதாவை நினைச்சுக்கொண்டு எழுது."

குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினான். நான் ஸ்ரீலங்கா நாட்டவன். ஒப்பமும் வைத்தான். அதிகாரி வாசித்தார், முத்திரை குத்தினார், அட்டை எடுக்க வேண்டிய திகதியைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வாழ்த்தும் சொன்னார். நல்ல மனிதர்தான்.

பேருந்துத் தரிப்பில் நின்றோம்.

"இனி அவள் வருவாள்தானே?" என்றான்.

"ஓம், வருவாள். கட்டாயம் வருவாள்."

அவன் தலையாட்டினான். இரண்டு பேருந்து போனது, ஏறவில்லை.

"தம்பி கோவிப்பானோ, அண்ணை?"

வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் விசரா என்று திட்டியிருப்பேன். மூன்றாவது பேருந்து வந்தது. அவன் கையைப் பிடித்து ஏற்றினேன்.