கடைசிக் குடம் வரை

"அம்மணி, காபியில சர்க்கரை போட மறந்துபோட்டயா, இல்ல டாக்டர் பேச்சைக் கேட்டுப்போட்டயா?" என்றார் என் கணவர் ஞானாபரணம். டாக்டர் பேச்சைத்தான் கேட்டிருந்தேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். அச்சகத்திலிருந்து வந்திருந்த நாடக நோட்டீஸில் 'முடியும் நேரம்' என்று அச்சுக் கோத்தவர் தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தார். அதைப் பேனாவால் அடித்து, கொடுத்துவிட்டு வருகிறேன் என்று துடியலூருக்குக் கிளம்பினார். அச்சகத்துப் பெஞ்சிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவே இல்லை.

அவர் எழுதி மெட்டுப் போட்ட இசை நாடகம் 'ஆறு கற்சாடி'. பைபிளில் சாடித் தண்ணீர் திராட்சை ரசமாக மாறிய கானாவூர்க் கல்யாணத்தை எங்கள் பக்கத்துக் கல்யாணமாகவே நடத்திக் காட்டும். பங்குத் திருவிழாக்களில் தொடங்கியது. தொண்ணூற்று மூன்றுக்குள் மாரியம்மன் நோம்பிக்கும் எங்களைக் கூப்பிட்டார்கள். கூட்டம் வருவது சாடி நிரப்பும் பாட்டுக்காக. தண்ணீர் ஊற்றுவது நடிகர்கள் இல்லை. அந்தந்த ஊர்ப் பெண்கள் வீட்டிலிருந்து குடத்தோடு வந்து மேடையேறி ஊற்றுவார்கள். கடைசிக் குடம் கவிழும்வரை அவர் ஆர்மோனியத்திலிருந்து கையெடுக்க மாட்டார்; தபேலாவில் சகாயமும் நிறுத்த மாட்டார். குழாயில் தண்ணீர் வராத ஊரில் பாட்டு நீண்டுகொண்டே போகும்.

இதைச் சினிமாவாக எடுக்க வேண்டும் என்று பெருந்துறை மில்காரர் கிருபாசங்கர் அவரிடம் கேட்டபடியே இருந்தார். இவர் "பாக்கலாமுங்க" என்றே நாளைக் கடத்தினார். இப்போது அந்தக் கேள்வி என்னிடம் வந்து நின்றது.

"படத்துல மொதல்ல வர்ற எழுத்தே அவரு பேருதானுங்க, அக்கா," என்றார் கிருபாசங்கர்.

என் மகள் டீனாவுக்கு அதுதான் வேண்டும். "வேண்டாம்னு சொல்லிப்போடாதீங்கம்மா. சகாயண்ணனுக்கும் வயசாகுது. அவரும் நிறுத்திட்டா அப்பா பேரு எங்க இருக்கும்? நோட்டீஸ்லயா? அதுல பஜ்ஜி மடிச்சுத் தருவாங்க."

அவள் சொன்னது தப்பில்லை. எனக்கு யோசிக்கவே அலுப்பாக இருந்தது. ஒரு பாட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள் என்றேன்.

காரமடையில் எடுத்தார்கள். இவர் இடத்தில் சகாயம் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தார். கீழே வயர் ஓடுகிறது, காலிக் குடம் போதும் என்று ஊர்ப் பெண்களிடம் சொல்லியிருந்தார்கள். கல்யாண வீட்டுக்கு யாராவது காலிக் குடத்தோடு வருவார்களா? எல்லாருமே நிறைத்துக்கொண்டுதான் வந்தார்கள். லைட்காரர் தலையில் அடித்துக்கொண்டு வயரைத் தூக்கிக் கட்டினார்.

பாட்டு நன்றாகத்தான் போனது. கடைசியில் சென்னியம்மாள் என்ற பெண், கால் சரியில்லாதவர், பந்தல் வாசலிலேயே இருந்தார். "கட்!" என்றார் கேமராக்காரர். ஃபிலிம் தீர்ந்துவிட்டது.

சகாயம் வாசித்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, முடிஞ்சுபோச்சுங்களா? தண்ணி கொண்டாந்துபோட்டேனே," என்றார் சென்னியம்மாள்.

"நீங்க வாங்கக்கா. உங்களுக்குத்தான் வாசிக்கறேன்."

"மெதுவா வா புள்ள, மாப்பிள்ளை எங்கயும் ஓடிர மாட்டாரு," என்று கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு. அவர் வந்து ஊற்றினார். அப்புறம்தான் சகாயம் கையெடுத்தார். என் வீட்டுக்காரர் போன பிறகு அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

கிருபாசங்கர் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே சொன்னார். "அவங்க வர்ற வரைக்கும் காட்டுனா தியேட்டர்ல எந்திரிச்சுப் போயிருவாங்க, அக்கா. நாலு நிமிசப் பாட்டு. தண்ணி ஊத்த நாங்களே ஆளுப் போட்டுக்கறோம்."

"ஆளுப் போட்டா எல்லாரும் நேரத்துக்கு வந்துருவாங்களேங்க," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அதற்கு மேல் விளக்கத் தெம்பில்லை.

"வேண்டாமுங்க," என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் டீனா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். "அப்பாவை நீங்களே அழிச்சுப்போட்டீங்க," என்று ஒருமுறை சொன்னாள். அவள் பயந்தது போலவே நடக்கலாம். கோயமுத்தூரில் இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது.

சகாயம் இன்னும் வாசிக்கிறார். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஊர்தான் கூப்பிடுகிறது. போன ஈஸ்டருக்கு நோட்டீஸ் அடிக்க டீனாதான் அச்சகத்துக்குப் போனாள். நாடகம் ஆரம்பம் மாலை ஆறு மணி என்று போட்டிருக்கிறது. முடியும் நேரம் போடவில்லை.