ஆறாவது பாட்டின் பழுது அட்டை

திங்கட்கிழமை காலை அக்கா என் கைபேசிக்கு ஒன்பது பாட்டுகளை அனுப்பினாள். மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம். கூடவே ஒரு செய்தி: "முழுசாக் கேளு. வெள்ளிக்கிழமை கேட்பேன். சூப்பர்னு சொன்னா சனிக்கிழமை நீ வர வேண்டாம்."

சனிக்கிழமைதான் அவளுடைய ராக் குழுவின் முதல் கச்சேரி. அக்கா பகலில் பல் மருத்துவரிடம் வரவேற்பாளர், மற்ற நேரமெல்லாம் டிரம்ஸ். அந்த டிரம்ஸை ஏழு வருடமாக மாடிப்படியில் ஏற்றி இறக்கியவன் நான். முதல் கச்சேரிக்கு நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருப்பதா?

ஆனால் அவள் மிரட்டலில் நியாயம் இருந்தது. போன வருடம் நாலு பாட்டு அனுப்பினாள். ஒன்றரைப் பாட்டு கேட்டுவிட்டு "சூப்பர்" என்றேன். எது பிடித்தது என்று கேட்டாள். "கடைசிப் பாட்டுல அந்தப் புல்லாங்குழல்" என்றேன். அந்தப் பாட்டில் மட்டுமல்ல, அந்தக் குழுவிலேயே புல்லாங்குழல் கிடையாது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் என் பெயரே "சூப்பர்" ஆகிவிட்டது. "அம்மா, சூப்பருக்குத் தண்ணி வேணுமாம்" என்பாள், என்னைப் பார்க்காமலே.

செவ்வாய் மதிய இடைவேளையில் பட்டறையில் வைத்துக் கேட்டேன். நான் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். மேசைமேல் இருந்த சிறிய ஸ்பீக்கரில் முதல் பாட்டைப் போட்டேன். இரும்பு பீரோவைத் தரையில் இழுப்பது போல கிதார் தொடங்கியது. பிறகு பாடகர் வந்தார். அவர் மருந்துக்கடைக்காரர். கடையில் "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று அவர் சொல்வது காதில் விழ மூன்று முறை கேட்க வேண்டும். இங்கே ஒரு முறையே போதுமாக இருந்தது.

பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முதலாளி சோற்றுக் கையோடு ஓடிவந்து, இடது கையால் மெயின் சுவிட்சை அணைத்தார். விளக்கு, மின்விசிறி எல்லாம் நின்றன. ஸ்பீக்கர் பேட்டரியில் ஓடுவது. அது நிற்கவில்லை.

"கரண்டே இல்ல, இன்னும் ஓடுதே!" என்று, பழுதுக்கு வந்திருந்த மூன்றாம் எண் மெஷினிடமிருந்து இரண்டடி பின்வாங்கினார்.

"மெஷின் இல்லண்ணே, பாட்டு. அக்கா வாசிச்சது."

முதலாளி மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "நல்லா... பலமா இருக்கு தம்பி" என்றார். கதவு வரை போனவர் திரும்பி, "ஆனாலும் மூணாம் நம்பரை ஒரு தடவை திறந்து பார்த்துடு" என்றார்.

நான் மாலை வகுப்பில் டைரி எழுதப் பழகுகிறேன். அபிப்பிராயம் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்பார்கள் அங்கே. எனக்கு வசதியான விதி அது. எனக்கு அபிப்பிராயம் சுலபத்தில் வராது, வந்தாலும் அது சரிதானா என்ற சந்தேகம் தீராது. சங்கீதமும் தெரியாது. ஆனால் சத்தம் தெரியும். எங்கள் பட்டறையில் எந்த மெஷினையும் திறப்பதற்கு முன் ஓடவிட்டுக் காதால் மட்டும் கேட்டு ஒரு பழுது அட்டை நிரப்ப வேண்டும். என்ன சத்தம், எப்போது ஆரம்பம், எதன்மேல் சந்தேகம், என்ன பரிந்துரை. அப்படி ஒன்பது அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதல் பாட்டுக்கு, "சத்தம்: பீரோ. ஆரம்பம்: உடனே. சந்தேகம்: கிதார். பரிந்துரை: திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது" என்று எழுதினேன். நாலாவதுக்கு, "சத்தம்: மருந்துக்கடைக்காரர். ஆரம்பம்: இரண்டாம் நிமிடம். சந்தேகம்: யாரோ அவர் காலை மிதித்திருக்கிறார்கள்."

புதன்கிழமை வீட்டில் மூன்றாவது முறையாகக் கேட்டபோது அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாத்தையும் குறை சொல்லக் கூடாதுடா. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல ஒண்ணு வருதே, அது எவ்வளவு இதமா இருக்கு!"

அது நாலு விநாடி மௌனம். நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஆறாவது பாட்டில் மாட்டிக்கொண்டேன். பதினோரு நிமிடம் ஓடும் பாட்டு. முதலில் தலைவலிதான் வந்தது. அப்புறம் கிதாருக்கு அடியில் ஏதோ சுற்றிக்கொண்டிருப்பது கேட்டது. கரகர, கரகர, டக். ஒவ்வொரு சுற்றிலும் அந்த டக் கொஞ்சம் தாமதமாக விழுந்தது. அக்காவின் அடி அந்தத் தாமதத்துக்குக் காத்திருந்து, சரியாக அது விழும்போது சேர்ந்து விழுந்தது. பேருந்தில் கேட்டுக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். நடந்து திரும்பும்போதும் அதையே கேட்டேன். எட்டு முறை ஆயிற்று. அட்டையில் "சந்தேகம்: பேரிங். பின்பக்க இடது கால் குட்டை" என்று எழுதினேன். பாட்டுக்குப் போய் யாராவது பேரிங் என்று எழுதுவார்களா? எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று அதைக் கோடு போட்டு அடித்தேன். ஒன்பதாவது முறை கேட்டுவிட்டு, அடித்ததற்குக் கீழேயே அதைத் திரும்ப எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லு, சூப்பர்."

அட்டைகளை நீட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"காலை மிதிச்சது உண்மைதான்" என்றாள் நாலாவதில். "நான்தான் மிதிச்சேன். கத்து கத்துன்னா கொஞ்சினான்."

"ஏழாவது எனக்குப் பிடிக்கலக்கா. பல் வலி மாதிரி இருக்கு."

"அது பல் வலியைப் பத்தின பாட்டுதான்டா."

அப்புறம் ஆறாவது அட்டை. அதை இரண்டு முறை படித்தாள். "இது என்ன?"

சொன்னால் தொலைந்தேன், சொல்லாவிட்டாலும் தொலைந்தேன். "அது நம்ம பழைய மெஷின். பேரிங் போச்சு, இனி தேறாதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் எழுதிக் கொடுத்தேன். பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்னு நீ சொன்னே. அது உன் பாட்டுல ஓடுது."

அக்கா அட்டையைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். சனிக்கிழமை கைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன்.

"முப்பது பேருக்கு அனுப்பினேன்" என்றாள் மெதுவாக. "ஒருத்தரும் கண்டுபிடிக்கல. நீ நிஜமாவே கேட்டிருக்கேடா." சொல்லும்போதே அவள் முகம் கோணியது. "நேத்து ஒத்திகையில அந்த மெஷின் நின்னு போச்சு. சுத்தவே மாட்டேங்குது. அது இல்லாம ஆறாவது பாட்டே கிடையாது. உன்கிட்ட எப்படி வந்து நிக்கறது? பாட்டைக் கேட்காமலே சூப்பர்ங்கறவன் நீ."

"மோட்டார் ஓடற சத்தம் வருதா?"

"வருது."

"அப்போ பெல்ட்டுதான்."

"ரிப்பேர் பண்ணிக் குடு" என்று என் கையைப் பிடித்தாள். "ஆனா சரிபண்ணிடாதே."

இப்படி ஒரு வாடிக்கையாளர் எனக்கு வாய்த்ததில்லை. சனிக்கிழமை காலை, அவர்கள் ஒத்திகை பார்க்கும் இடமான, கிதார் வாசிக்கும் பள்ளி ஆசிரியரின் கார் கொட்டகையில் புது பெல்ட் மாட்டினேன். பழக்க தோஷத்தில் கை தானாகப் பேரிங் பக்கம் போனது. அக்கா புறங்கையில் ஒன்று வைத்தாள். குட்டைக் காலுக்கு அடியில் நான் செருகியிருந்த மரத்துண்டையும் உருவி எறிந்தாள்.

மாலையில் அரங்கம் பாதி நிரம்பியது. முன்வரிசையில் அம்மாவும் முதலாளியும். ஆறாவது பாட்டு தொடங்கியதும் மேடை ஓரத்திலிருந்து நான் பொத்தானை அழுத்தினேன். கரகர, கரகர, டக். மெஷின் நடுங்கிக்கொண்டே ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தது. முதலாளி பாதி எழுந்து, சுவரெல்லாம் கண்ணால் மெயின் சுவிட்சைத் தேடினார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "பயப்படாதீங்க, அது எங்க வீட்டு மெஷின்தான்."

எல்லாம் முடிந்து, வியர்வை சொட்டச் சொட்ட அக்கா என் முன்னால் வந்து நின்றாள். "எப்படிடா இருந்தது?"

அட்டை எதுவும் கையில் இல்லை. வாயில் முதலில் வந்தது "சூப்பர்"தான். அவள் புருவம் ஏறுவதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தேன்: "ஏழாவதுல மட்டும் நீ வேகமாப் போயிட்டே. மருந்துக்கடைக்காரர் மூச்சு வாங்கினார்."

"தெரியும்" என்றாள் அக்கா. "பேசிட்டே நிக்காதே, மெஷினை அந்தப் பக்கம் பிடி."